கல்லான காய் சொல்லும் கதை

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையின் இரண்டாம் நாள், பாலசமுத்திரம் தென்னந்தோப்பில் நிகழ்த்திய உரை. பேசிய நடையிலேயே, சிறு திருத்தங்களுடன் வெளியிடப்படுகிறது.)

 

நேற்று கல்லூரி அரங்கில் பேசியவர்கள் எல்லாம் பெரிய பெரிய விஷயங்களைப் பேசினார்கள். மேம்பாலம், மின் நிலையம், வெளிநாட்டு வாழ்க்கை என்று கேட்கக் கேட்கப் பெருமையாக இருந்தது. இன்றைக்குத் தோப்பில் உட்கார்ந்திருக்கிறோம். கையில் இளநீர் இருக்கிறது. ஆகவே இளநீருக்குப் பொருத்தமாக ஒரு விஷயம் பேசலாம் என்று நினைத்தேன். செயலாளர் அண்ணன், "நீ என்ன வேணா பேசு, இருபது நிமிஷத்துல முடி" என்று உத்தரவு போட்டிருக்கிறார். முயற்சி செய்கிறேன்.

இது எங்கள் தோப்பு. நான் பிறந்து வளர்ந்தது இந்தப் பாலசமுத்திரத்தில்தான். அதோ, பின் வரிசையில் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான் என் அப்பா. இந்தக் கதையில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. அது கடைசியில் வரும்.

முதலில் ஒரு வாக்குமூலம். நான் 2007-இல் சேர்ந்து 2011-இல் வெளியே வந்த சிவில் அணி. எனக்கு நான்கு ஆண்டுகளில் ஒரே ஒரு அரியர். எதில் தெரியுமா? பொறியியல் நிலவியல்! என் அணித் தோழர்கள் இப்போதே சிரிக்கிறார்கள். நிலவியல் லேபில் ஒரு மரப்பெட்டி இருக்கும். அதில் எண் ஒட்டிய ஐம்பது அறுபது கற்கள். சார் ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்து "இது என்ன?" என்பார். நாங்கள் கல்லைப் பார்க்க மாட்டோம், எண்ணைப் பார்ப்போம். பன்னிரண்டு என்றால் பசால்ட், பதினேழு என்றால் சார்னோகைட் என்று மனப்பாடம். தேர்வுக்கு முதல் நாள் யாரோ ஒரு புண்ணியவான் எண்களை மாற்றி ஒட்டிவிட்டான். அதோடு என் நிலவியல் ஞானம் முடிந்தது. அந்தப் புண்ணியவான் இன்றைக்கும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறான். பெயர் சொல்லவில்லை.

நிற்க. கல்லைப் பார்க்காமல் எண்ணைப் பார்த்துப் படித்ததற்கு நான் பின்னால் ஒரு விலை கொடுத்தேன். அதைச் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

2015-ஆம் ஆண்டு. மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா மாவட்டத்தில் ஒரு சாலை அகலப்படுத்தும் வேலை. ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் நான் சைட் இன்ஜினியர். சாலைக்கு ஜல்லி வேண்டும் அல்லவா? பக்கத்திலேயே குவாரி, குவாரிக்குப் பக்கத்திலேயே கிரஷர். கறுப்புப் பசால்ட் பாறை. அந்தப் பாறைக்கு நடுவே ஓரிடத்தில் வெளுத்த நிறத்தில், கெட்டியான, உடைத்தால் கண்ணாடி மாதிரி சில்லுச் சில்லாகத் தெறிக்கும் ஒரு அடுக்கு. அதிலிருந்து வந்த கற்களில் சில வித்தியாசமாக இருந்தன. கோழிமுட்டை அளவு, அதைவிடக் கொஞ்சம் பெரிசு. உருண்டையும் இல்லை, நீளமும் இல்லை. மேலே நெடுக்காக வரி வரியாக ஓடியிருந்தது. நம்ம ஊர்க்காரனுக்கு அதைப் பார்த்தவுடன் என்ன தோன்றும்? மட்டை உரித்துக் காயப்போட்ட காய்!

டிப்பரில் ஒரு இருபது முப்பது கண்ணில் பட்டிருக்கும். கண்ணில் படாதது எத்தனையோ. நான் மேலாளரிடம் போய், "சார், இது என்னமோ காய் மாதிரி இருக்கு, யாரையாவது கூப்பிட்டுக் காட்டலாமா?" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "மார்ச்சுக்குள்ள பில் போடணும், காயைப் பார்த்துக்கிட்டு நின்னா ஆகுமா?" என்றார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வேலையை நிறுத்து என்று எழுதிக் கொடுக்கும் அதிகாரம் சைட்டில் எனக்கு இருந்தது. சரளைக் கல் தரம் சரியில்லை என்றால் நிறுத்தியிருப்பேன். காய் மாதிரி இருக்கிறது என்பதற்காக நிறுத்தத் தோன்றவில்லை. ஒன்றை மட்டும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். மீதி எல்லாம் கிரஷரில் போயிற்று. இருபது மில்லி ஜல்லியாகி, தாருக்கு அடியில் போய்விட்டது. தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது அந்த ஒன்றைக் கொண்டுவந்தேன். ஐந்து வருஷம் அது எங்கள் வீட்டுத் திண்ணைக் கதவுக்கு முட்டுக் கல்லாக இருந்தது.

2020-இல் ஊரடங்கு வந்தது. எல்லாரும் வீட்டில் முடங்கினோம். ஒரு நாள் அந்தக் கல் காலில் இடித்தது. கொரோனா கொடுத்த ஓய்வு, நகம் பெயர்ந்த வலி, இரண்டும் சேர்ந்து என்னைப் படிக்க வைத்தன. அப்போதுதான் தெரிந்தது, நான் நின்ற இடம் எப்பேர்ப்பட்ட இடம் என்று.

நண்பர்களே, சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, இந்தியா ஆசியாவோடு ஒட்டாமல், தனித் தீவாகக் கடலில் வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்த காலத்தில், இன்றைய மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசப் பகுதிகளில் எரிமலைக் குழம்பு வெள்ளம்போல் பாய்ந்தது. ஒரே தடவையாக அல்ல, விட்டு விட்டு. அதுதான் தக்காணப் பாறை. இன்றைக்கு மிஞ்சியிருப்பதே சுமார் ஐந்து லட்சம் சதுர கிலோமீட்டர். ஒரு குழம்புக்கும் அடுத்த குழம்புக்கும் இடையில் ஆயிரக்கணக்கான வருஷம் இடைவெளி கிடைத்தபோது, ஆறின பாறைமேல் குளம் நிறைந்தது, மண் சேர்ந்தது, மரம் வளர்ந்தது, காய் விழுந்தது. பிறகு மறுபடியும் குழம்பு வந்து எல்லாவற்றையும் மூடியது. இரண்டு ரொட்டிக்கு நடுவே ஜாம் மாதிரி அந்தக் குளத்து மண் மாட்டிக்கொண்டது. எரிமலைப் பாறையிலிருந்து கரைந்த சிலிக்கா குளத்து நீரில் கலந்து, விழுந்து கிடந்த காய்க்குள் ஊறி, ஒவ்வொரு செல்லுக்குள்ளும் படிந்து கல்லாகிவிட்டது. அச்சு மட்டும் பதிந்த கதை அல்ல இது. அறுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் செல் சுவர்கூடத் தெரியும்.

அந்த வெள்ளை அடுக்குதான் நான் ஜல்லியாக்கின அடுக்கு. சிந்த்வாரா மாவட்டத்தில் மோகாவ்கலான் என்ற ஊர் உலகத் தொல்தாவர அறிஞர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஊர். எனக்குத்தான் தெரியாது.

இனி, மறைந்துபோன ஒரு மரத்துக்கு அதன் கொட்டையை மட்டும் வைத்துக்கொண்டு எப்படிப் பெயர் வைக்கிறார்கள் என்பதைச் சொல்கிறேன். இதற்கு நம் நாட்டிலேயே அருமையான உதாரணம் இருக்கிறது.

ராஜஸ்தானில் பார்மர் மாவட்டத்தில் கபூர்டி என்று ஒரு கிராமம். பாலைவனம். அங்கே வெட்டி எடுப்பது என்ன தெரியுமா? நம் வீட்டுப் பெண்கள் முகத்துக்குப் பூசும் முல்தானி மட்டி. அந்த மண்ணிலிருந்து கிடைத்த ஒரு கல்லான காயை 1951-இல் கே. என். கௌல் என்ற தாவரவியல் அறிஞர் விவரித்தார். அது தென்னைப் பேரினத்தைச் சேர்ந்தது, ஆனால் இன்றைய தென்னை அல்ல, மறைந்துபோன வேறொரு இனம் என்று முடிவு செய்து, கோகோஸ் சாஹ்னியை என்று பெயர் வைத்தார். கோகோஸ் என்பது தென்னையின் பேரினப் பெயர். சாஹ்னி என்பது பேராசிரியர் பீர்பல் சாஹ்னியின் பெயர். இந்தியாவில் தொல்தாவரவியல் என்ற துறைக்கே தந்தை அவர். லக்னோவில் அதற்கென்று ஒரு நிறுவனம் கண்டார். 1949 ஏப்ரல் 3-ஆம் தேதி அதன் கட்டடத்துக்கு நேரு அடிக்கல் நாட்டினார். ஒரே வாரத்தில், ஏப்ரல் 10-ஆம் தேதி, சாஹ்னி காலமானார். இரண்டு ஆண்டு கழித்து ஒரு கல் தேங்காயில் அவர் பெயர் ஏறியது.

பிறகு என்ன ஆயிற்று? 61 ஆண்டுகள் கழித்து, 2012-இல், அதே லக்னோ நிறுவனத்தைச் சேர்ந்த அனுமேகா சுக்லா, ஆர். சி. மெஹ்ரோத்ரா, ஜே. எஸ். குலேரியா ஆகிய மூவரும் அதே கபூர்டி மண்ணில் கிடைத்த காயை ஆராய்ந்து, கௌல் வைத்த அதே பெயரில், விரிவாக எழுதினார்கள். அந்த மண் படிந்தது இயோசீன் காலத்தின் தொடக்கம், அதாவது ஏறக்குறைய ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன்பு. இன்றைய தென்னைக்கு மிக நெருக்கமான காய் அது. அதே அடுக்கில் ஏற்கெனவே பசுமைமாறாக் காட்டு மரங்களின் எச்சங்களும் கிடைத்திருந்தன. முடிவு என்ன? இன்றைக்கு ஒட்டகம் நடக்கும் பார்மர் அன்றைக்குக் கடலோரம். வெப்பமும் ஈரமும் மிகுந்த, மழை கொட்டுகிற காடு. ஒரு காய் ஒரு நாட்டின் தட்பவெப்பத்தையே சாட்சி சொல்லிவிட்டது பாருங்கள்!

சரி, காய் எப்படி அடையாளம் காட்டும்? எல்லாரும் கையிலிருக்கும் இளநீரைக் கொஞ்சம் பாருங்கள். வெளியே வழுவழுப்பான தோல். அதற்குள் நார் நிறைந்த மட்டை. அதற்குள் கொட்டாங்குச்சி. கொட்டாங்குச்சியில் மூன்று கண். ஏன் மூன்று? பூவில் சூலகம் மூன்று அறையாகத்தான் தொடங்குகிறது. அதில் ஒன்றுதான் பெருத்துக் காயாகிறது. மற்ற இரண்டும் வழிவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன. மூன்றில் மெதுவான கண் எதுவோ, அதன் வழியாகத்தான் முளை வரும். மூன்று கண் உள்ள ஓடு என்றால் பனைக் குடும்பத்தில் தென்னையும் அதன் நெருங்கிய சொந்தங்களும் என்று ஆராய்ச்சியாளர் சுருக்கிவிடுவார். அதன்பிறகு அளவு, ஓட்டின் கனம், நெடுக்கு வரம்புகள், நார்க் கற்றை எங்கே ஓடுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, இன்றைக்கு உயிரோடு இருக்கிற காய்களோடு ஒப்பிடுவார்.

கொட்டை ஏன் மிஞ்சுகிறது என்பதும் நமக்குப் புரியும் விஷயம்தான். பூ வாடும், இலை மக்கும். கொட்டை என்பது கருவைக் காப்பாற்ற மரம் தன் சொந்தச் செலவில் கட்டிய பிரஷர் வெஸல். அடித்தாலும் உடையாது, ஊறினாலும் சீக்கிரம் அழுகாது. கல்லாகும் வரை காத்திருக்கும் பொறுமை அதற்குத்தான் உண்டு.

உள்ளே பார்க்க என்ன செய்வார்கள்? பழைய முறை, வைரச் சக்கரத்தில் அறுத்து, ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்ப்பது. இன்னொரு முறை, அறுத்த முகத்தை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் நனைத்தால் சிலிக்கா கொஞ்சம் கரையும். செல் சுவர் மட்டும் மெல்லிசாக எழுந்து நிற்கும். அதன்மேல் அசிட்டோன் விட்டு அசிடேட் தாளை ஒட்டி உரித்தால் செல் சுவர் தாளோடு வந்துவிடும். அந்த அமிலம் பொல்லாதது, எலும்புவரை போகும், வீட்டில் யாரும் முயற்சி செய்ய வேண்டாம். இப்போதைய முறை மைக்ரோ சி.டி. ஸ்கேன். ஆஸ்பத்திரியில் எடுப்பதுபோலத்தான், ஆனால் பல மடங்கு நுட்பமாக. மெக்கானிக்கல் நண்பர்கள் வார்ப்பில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிறீர்களே, அதே தொழில்நுட்பம். காயை உடைக்காமலே உள்ளே போய்ப் பார்த்துவிடலாம்.

பார்த்தாகிவிட்டது. பெயர் வைப்பது எப்படி? நினைத்தவர் நினைத்த பெயரை வைக்க முடியாது. சர்வதேச விதிமுறை இருக்கிறது. இனத்தின் இலக்கணத்தை எழுத வேண்டும். வேறு எந்த இனத்திலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று சொல்ல வேண்டும். கல்லான தாவரம் என்றால், 1912-லிருந்து படமோ வரைபடமோ கட்டாயம். எல்லாவற்றுக்கும் மேலாக, "இந்தப் பெயர் இந்த ஒரு காய்க்கே உரியது" என்று ஒரு மாதிரியைக் குறிப்பிட்டு, எண் கொடுத்து, ஒரு அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டும். மூல மாதிரி என்று பெயர். பாரிசுக்குப் பக்கத்தில் ஒரு பிளாட்டின-இரிடியம் கட்டி இருந்ததே, அதுதான் கிலோகிராம் என்று பள்ளியில் படித்தோம். 2019 மே 20 முதல் அந்தக் கட்டிக்கு வேலை போய்விட்டது, பிளாங்க் மாறிலியை வைத்து அளவிடுகிறார்கள். ஆனால் தாவரவியலில் இன்றைக்கும் அந்த ஒரு காய்தான் ஆதாரம். யாருக்குச் சந்தேகம் வந்தாலும் போய் அந்தக் காயையே எடுத்துப் பார்க்கலாம்.

இதில் இன்னொரு வேடிக்கை. ஒரே மரத்தின் தண்டு ஒரு இடத்தில் கிடைக்கும், இலை ஒரு இடத்தில், காய் ஒரு இடத்தில். மூன்றும் ஒரே மரம் என்று நிரூபிக்கும்வரை மூன்றுக்கும் மூன்று பெயர். பனைக் குடும்பத் தண்டு என்றால் பால்மாக்சிலான், காய் என்றால் பால்மோகார்ப்பான் என்று பொதுவாக வைத்துவிடுவார்கள். ஒட்டி வாழ்ந்த குடும்பம் பாகம் பிரித்துக்கொண்டு வேறு வேறு இனிஷியல் போட்டுக்கொண்ட மாதிரி.

வேறு நாட்டு உதாரணமும் சொல்லிவிடுகிறேன். நியூசிலாந்தின் வடமுனையில், கூப்பர்ஸ் கடற்கரையில், குட்டித் தேங்காய்கள் கல்லாகக் கிடைக்கின்றன. நீளம் சுமார் மூன்றரை சென்டிமீட்டர்தான். 1926-இல் பெர்ரி என்ற அமெரிக்க அறிஞர் அதற்கும் கோகோஸ் என்றே பெயர் வைத்தார். ஆனால் அது உண்மையில் தென்னைதானா, தென் அமெரிக்க உறவுக்காரப் பனையா என்ற வாதம் பின்னாளில் எழுந்தது. நம் நாட்டுக் காய்களைப் பற்றியும் எல்லா அறிஞர்களும் ஒரே குரலில் பேசுவதில்லை. விஞ்ஞானத்தில் அதுதான் ஆரோக்கியம். மூல மாதிரி பத்திரமாக இருக்கிறது, வாதம் நடக்கலாம்.

இன்னொன்றும் நினைவில் வைக்க வேண்டும். இன்றைக்கு உலகில் உயிரோடு இருக்கும் கோகோஸ் ஒன்றே ஒன்றுதான். லின்னேயஸ் 1753-இல் பெயரிட்ட கோகோஸ் நூசிஃபெரா, அதாவது நம் தென்னை. நெட்டை, குட்டை, கலப்பினம், இளநீர் ரகம் எல்லாம் அந்த ஒரே இனத்துக்குள்தான் அடக்கம். கூடப் பிறந்தவர்கள் எல்லாம் கல்லாகிவிட்ட வீட்டில் மிஞ்சியிருக்கும் ஒற்றைப் பிள்ளை. நாமும் அதைத் தென்னம்பிள்ளை என்றுதானே சொல்கிறோம்!

நான் வேலை செய்த பக்கத்துக்கு வருகிறேன். சிந்த்வாராவுக்கு அடுத்த சியோனி மாவட்டத்தில், பினோரி காட்டில் கிடைத்த ஒரே ஒரு காயை வைத்து, ரஷ்மி ஸ்ரீவாஸ்தவா, கௌரவ் ஸ்ரீவாஸ்தவா என்ற இருவர் 2014-இல் கோகோஸ் பினோரியென்சிஸ் என்ற மறைந்த இனத்தை விவரித்தார்கள். கபூர்டி காயைவிட மூத்தது, ஏறக்குறைய 6.6 கோடி ஆண்டு. நான் கிரஷர் ஓட்டியது அதற்கு அடுத்த ஆண்டு.

2019-இல் இன்னொரு சேதி. தக்காண அடுக்கிலிருந்து 1982-இலேயே பெயர் வைக்கப்பட்ட ஹைஃபீனியோகார்ப்பான் இண்டிகம் என்ற காயை, கெல்லி மாட்சுனாகா என்ற அமெரிக்கப் பெண் ஆராய்ச்சியாளரும் இந்திய அறிஞர்களும் சேர்ந்து புதிய மாதிரிகளோடு, மைக்ரோ சி.டி. போட்டு மறுபடி ஆராய்ந்தார்கள். அது தென்னைச் சொந்தம் இல்லை. நம் பனைமரத்தின் சொந்தம்! இன்றைக்குக் குஜராத் பக்கம் கிளைவிட்டு வளரும் பனை ஒன்று இருக்கிறதே, அந்த வகையறா. 6.7 கோடி முதல் 6.4 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பனை வம்சம் இந்த மண்ணில் காய்த்திருக்கிறது என்பதற்கு அந்தக் கொட்டைதான் பத்திரம்.

இதையெல்லாம் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. 2021-இல் முட்டுக் கல்லைத் துணியில் சுற்றிக்கொண்டு ஒரு நிலவியல் பேராசிரியரைப் போய்ப் பார்த்தேன். பொறுமையான மனிதர். கல்லைக் கையில் வாங்கிக்கொண்டு, கல்லைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் என்னைக் கேள்வி கேட்டார்.

"எந்த இடம்?"

"சிந்த்வாரா மாவட்டம் சார். குவாரி."

"எந்தக் குவாரி? அட்சரேகை, தீர்க்கரேகை?"

நான்கு குவாரியிலிருந்து கல் வந்தது. எது என்று எழுதி வைக்கவில்லை.

"எத்தனையாவது அடுக்கு? மேலே எவ்வளவு பசால்ட், கீழே எவ்வளவு? கூட வேறு என்ன கிடந்தது? இலை, சிப்பி, மரத்துண்டு?"

என்னிடம் பதில் இல்லை. நண்பர்களே, நான் ஒரு இன்ஜினியர். ஒரு லோடு கான்கிரீட்டுக்குக் கியூப் எடுத்து, தேதி போட்டு, இடம் போட்டு, கையெழுத்துப் போட்டு ஏழாம் நாளும் இருபத்தெட்டாம் நாளும் உடைத்துப் பார்க்கிறவன். ஆறு கோடி வருஷத்துச் சரக்குக்கு ஒரு சீட்டு ஒட்டவில்லை.

பேராசிரியர் திட்டவில்லை. "அறுத்துப் பார்க்கலாம், ஆனா ஒன்னுதான் இருக்கு, பாதி போயிடும், பரவாயில்லையா?" என்றார். சரி என்றேன். அறுத்தார்கள். நடுப்பகுதி முழுக்க வெறும் அகேட், பட்டை பட்டையாக அழகாக இருந்தது, செல் ஒன்றும் இல்லை. கரு இருந்த இடம், கண் இருந்த இடம் எல்லாம் போயிருந்தது. ஓரத்தில் மட்டும் சுண்டுவிரல் நக அளவுக்கு நார்க் கற்றை தெரிந்தது. "பனைக் குடும்பத்துக் காய். இதுக்கு மேல சொல்ல முடியாது. கூட நாலஞ்சு இருந்திருந்தா ஏதாவது ஒன்னுல கண் கிடைச்சிருக்கும்" என்றார்.

கூட இருபது முப்பது இருந்தன. அதுதான் என்னை இன்றைக்கும் உறுத்துகிறது. அவை ஏற்கெனவே பெயர் வைத்த இனமா, யாரும் பார்த்திராத இனமா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஒரு மரம் ஒரு தடவை மறைந்துபோவது இயற்கை. அது இருந்தது என்பதற்கான சாட்சியையும் இருபது மில்லி ஜல்லியாக்கினால் அது இரண்டாவது தடவை மறைவது. அந்த இரண்டாவது தடவைக்குப் பொறுப்பு நான்.

இப்போது அப்பாவின் பங்கு. அறுத்த கல்லைக் கொண்டுவந்து, "இது தேங்காய்க்குச் சொந்தக்காரக் காய் போலங்கப்பா" என்று காட்டினேன். அவர் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் வரியைத் தடவிப் பார்த்தார். "தேங்காய் மட்டை ஓட்டை விட்டுக் கழண்டு வரும் தம்பி. இதுல நார் ஓட்டோட ஒட்டிக் கிடக்குது. பனங்கொட்டைல இப்படித்தான் சப்பச் சப்ப வராது. பனை வகையைப் பாரு" என்றார். அவர் எந்தக் கல்லூரிக்கும் போகாதவர். பேராசிரியரிடம் போன் செய்து சொன்னேன். "உங்கப்பா பார்க்கிற முறை சரி. ஆனா இந்த ஒரு துண்டை வச்சு நான் எழுத முடியாது" என்றார். எனக்கு நிலவியலில் அரியர் விழுந்ததும், அப்பாவுக்கு விழாததும் ஏன் என்று அன்றைக்குப் புரிந்தது. அவர் எண்ணைப் பார்க்கவில்லை, காயைப் பார்த்தார்.

இந்தத் தோப்பைப் பாருங்கள். முன்பு 110 மரம் இருந்தது. 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது, அடுத்த கோடையில் கிணறு வறண்டது. அதே 2016-இல்தான் சுருள் வெள்ளை ஈ பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தென்பட்டு, பிறகு எல்லாத் தோப்புக்கும் பரவியது. எங்களுக்கு 38 மரம் போயிற்று. ஒவ்வொரு மரம் சாய்ந்தபோதும் அப்பா அதன் கடைசிக் குலையிலிருந்து ஒரு நெற்றை எடுத்து, எந்த மரம், எந்த வரிசை என்று கரியால் எழுதிப் பரணில் வைத்தார். முளைத்ததை நட்டார். அதோ வாய்க்கால் ஓரம் நிற்கும் பிள்ளைகள் எல்லாம் அவைதான். முளைக்காததும் பரணில் எழுத்தோடு இருக்கிறது. பட்டம் வாங்கிய மகன் செய்யத் தவறியதை அவர் யாரும் சொல்லாமலே செய்தார்.

நண்பர்களே, நம் சங்கத்தில் சாலை போடுகிறவர்கள், சுரங்கத்தில் இருப்பவர்கள், அணை கட்டுகிறவர்கள், போர்வெல் போடுகிறவர்கள் எத்தனையோ பேர். நம் பழனிமலைப் பாறையில் இதைத் தேட வேண்டாம். அது பூமியின் ஆழத்தில் வெந்து உருவான சார்னோகைட், அதில் காய் இருக்காது. ஆனால் தமிழ்நாட்டிலேயே விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் கல்லான அடிமரங்கள் கிடக்கின்றன. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் இருக்கிறது. அரியலூர்ச் சுண்ணாம்புச் சுரங்கங்களில் கடல் உயிர்கள் கிடைக்கின்றன. உங்கள் ஜேசிபி எதன்மேல் மோதும் என்று யாருக்குத் தெரியும்?

நான் கேட்பது வேலையை மாதக்கணக்கில் நிறுத்தச் சொல்லி அல்ல. ஒரு மணி நேரம் போதும். விசித்திரமான கல் கண்ணில் பட்டால் சுத்தியல் போடாதீர்கள். கிடந்த இடத்திலேயே, பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். செல்போனில் இருப்பிடத்தைப் பதிவு செய்யுங்கள். மேலே என்ன அடுக்கு, கீழே என்ன அடுக்கு என்று டைரியில் இரண்டு வரி எழுதுங்கள். ஒன்றோடு நிற்காமல் கிடைத்ததையெல்லாம் தனித்தனியாகப் பொதிந்து சீட்டு ஒட்டுங்கள். பிறகு இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்துக்கோ, பக்கத்துக் கல்லூரி நிலவியல் துறைக்கோ ஒரு கடிதம். அவ்வளவுதான். நான் செய்யாதது இவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று. துறைத் தலைவர் சார் இங்கே இருக்கிறார். அவர் அனுமதியோடு, மீதியிருக்கும் பாதிக் கல்லை இன்றைக்கு நம் நிலவியல் லேபுக்குக் கொடுக்கிறேன். அந்த மரப்பெட்டியில் வையுங்கள் சார். எண் ஒட்ட வேண்டாம், மாற்றி ஒட்ட ஆள் வரும். நானே சீட்டு எழுதியிருக்கிறேன். படிக்கிறேன்:

"பனைக் குடும்பத்துக் காய், கல்லானது. மாவட்டம்: சிந்த்வாரா. குவாரி: குறிக்கவில்லை. அடுக்கு: குறிக்கவில்லை. கூடக் கிடந்தவை: கிரஷரில் போயின. எடுத்தவர்: 2007–2011 சிவில் அணி மாணவர், நிலவியலில் ஒரு அரியர்."

இனி வரும் மாணவர்கள் இந்தச் சீட்டைப் படித்தால் போதும், கல்லை மறந்தாலும் பரவாயில்லை.

இருபது நிமிஷம் தாண்டிவிட்டது, செயலாளர் அண்ணன் கடிகாரத்தைக் காட்டுகிறார்.  இளநீர் குடித்த பிறகு கொட்டாங்குச்சியை வீசும் முன் ஒரு தடவை அந்த மூன்று கண்ணையும் பார்த்துவிட்டு வீசுங்கள்.